எழிமலையில் தலைமைப் பண்பைச் சொல்லித்தர முடியுமா?

கேள்வி, ஜூலை 3

தங்கை மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு எழிமலை கடற்படை அகாடமிக்கு முயற்சி செய்கிறான். அவன் படிக்கிற புத்தகத்தில் கடமை, கௌரவம், துணிவு என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு விழுமியத்தையும் தலைமைப் பண்பையும் வகுப்பெடுத்துக் கொடுக்க முடியாது. சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்யப் பழக்குவார்கள், அவ்வளவுதான். கப்பலில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 3, இரவு 10.15

நான் கடற்படையில் மாலுமியாக இருந்தவன், அதிகாரி இல்லை. ஒடிசாவில் சில்காவில் பயிற்சி, அதற்கப்புறம் கப்பல்கள். பெரும்பாலும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளத்தில், சுக்கான் பிடிக்கிற வேலை. அதனால் நான் சொல்வது கீழேயிருந்து பார்த்தவனின் கணக்கு.

புதிதாக ஒரு சப்-லெப்டினன்ட், அதாவது இளம் அதிகாரி, கப்பலுக்கு வந்தால் கொஞ்ச நாளிலேயே அவரைப் பற்றி எங்கள் மெஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். அவர் எவ்வளவு சத்தமாக ஆர்டர் போடுகிறார், ஷூ எவ்வளவு பளபளக்கிறது என்பதை வைத்து இல்லை. ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னால் மனுஷன் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான். "சார், நேற்று நான் மூடியதாகச் சொன்ன வால்வை மூடவே இல்லை" என்று ஒருவன் வந்து நின்றால், அவர் முதலில் கத்துகிறாரா, முதலில் வால்வைப் பார்க்க ஓடுகிறாரா? அதிலேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் தலைமைப் பண்பு என்று பேசுவதில் முக்கால்வாசி இதுதான். அதைச் சொல்லித்தர முடியும் என்றே நினைக்கிறேன். எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 4, காலை

ஒரு இரவு. சௌராஷ்டிரக் கரை, வெராவல் பக்கம். மீன்பிடி சீசன், கடல் முழுக்க விளக்குகள். எது படகு, எது வலைக்குப் போட்ட மிதவை என்றே தெரியாது. வாட்ச் அதிகாரி, அதாவது அந்த நேரத்தில் கப்பலைப் பார்த்துக்கொள்பவர், புதுசு, தனியாக வாட்ச் பார்க்கும் சான்றிதழ் அப்போதுதான் வாங்கியிருந்தார். கேப்டன் தூங்கப் போகும்முன் நைட் ஆர்டர் புக் என்று ஒரு நோட்டில் அன்றிரவுக்கான உத்தரவுகளை எழுதிவைப்பார், ஒவ்வொரு வாட்ச் அதிகாரியும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று அதில், எந்தக் கலமாவது இரண்டு மைலுக்குள் வரும்போல இருந்தால் என்னை எழுப்பு என்று எழுதியிருந்தது.

ஒரு டிராலர் வலையை இழுத்துக்கொண்டு குறுக்கே வருகிறது. வாட்ச் அதிகாரி போனைக் கையில் எடுத்தார். வைத்துவிட்டார். ரேடாரைப் பார்த்தார். மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். மணி மூன்று இருக்கும். கேப்டன் அப்போதுதான் படுத்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். என் பக்கத்தில் நின்ற சீனியர் மாலுமி மெதுவாக, "சார், புக்ல ரெண்டு மைல்னு போட்டிருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வாட்ச் அதிகாரி போனைச் சுழற்றிவிட்டார்.

கேப்டன் டி-ஷர்ட்டும் செருப்புமாக ஏறி வந்தார். இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். ரேடாரைப் பார்த்துவிட்டு, "என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். இவர் வலப்பக்கம் திருப்பலாம் என்றார். "திருப்புங்க." நான் திருப்பினேன். டிராலர் தள்ளிப்போனது. கேப்டன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பும்போது, "அடுத்த தடவை இதைவிட முன்னாடியே கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கப்புறம் அந்தக் கப்பலில் கேப்டனை எழுப்ப யாரும் தயங்கியதே இல்லை.

வேறொரு கப்பல், பெயர் வேண்டாம். அங்கே எழுப்பினால் "இதுக்கா எழுப்பினே?" என்று விழும். நாலு பேர் முன்னால் விழும். அதனால் வாட்ச் அதிகாரிகள் ரொம்ப உறுதியான பிறகுதான் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடலில் ரொம்ப உறுதியாகத் தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஒரு இரவு சரக்குக் கப்பல் ஒன்றை ஆட்கள் தெரிகிற தூரத்தில் கடந்தோம். லாக் புக்கில், அதாவது கப்பலின் நாட்குறிப்பில், அதைப் பற்றி ஒரு வரிகூட ஏறவில்லை.

இரண்டு கேப்டன்களும் ஒரே மாதிரி பயிற்சி எடுத்து வந்தவர்கள்தான், அது எனக்கும் தெரியும். பயிற்சியால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஜூலை 4, மாலை

"மறுபேச்சில்லாமல் கீழ்ப்படியப் பழக்குவது" என்று கேட்டவருக்கு ஒரு பழைய கதை. 1893 ஜூன் 22, இன்றைய லெபனானின் திரிப்போலி கடற்கரைக்கு அருகே. பிரிட்டிஷ் மத்தியதரைக் கடற்படையின் தலைவர் அட்மிரல் ஜார்ஜ் டிரையன். அன்றைக்குக் கப்பலோட்டும் திறமையில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்த போர்க்கப்பல்களை, உள்பக்கமாகத் திரும்பி எதிர்த்திசையில் போகச் சொன்னார். வரிசைகளுக்கு நடுவே 1,200 கஜம். ஒரு கப்பல் முழுசாகத் திரும்பவே ஏறக்குறைய 800 கஜம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் எவ்வளவு என்று பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். அவருடைய அதிகாரிகள் இடைவெளி போதாது என்று சொல்லியும் பார்த்தார்கள். ஆனாலும் 1,200 கஜம்தான் என்று கொடி ஏறியது.

எதிர் வரிசையில் இருந்த ரியர் அட்மிரல் மார்க்கமுக்கு இது சரியில்லை என்று தெரிந்தது. பதில் கொடியை முழுசாக ஏற்றாமல் பாதியில் நிறுத்தினார். உத்தரவு புரியவில்லை என்று அதற்கு அர்த்தம். டிரையன் எல்லாக் கப்பலும் பார்க்க, எதற்காகக் காத்திருக்கிறாய் என்று சிக்னல் போட்டார். மார்க்கம் உடனே கீழ்ப்படிந்துவிட்டார். மார்க்கம் இருந்த கேம்பர்டவுன் கப்பலின் முனை, டிரையன் இருந்த விக்டோரியா கப்பலில் பாய்ந்தது. 358 பேர் செத்தார்கள், டிரையனும் அவர்களோடு.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது, கொடிகளை எதிர்பார்க்காமல் கேப்டன்கள் சுயபுத்தியோடு கப்பலை நகர்த்தவேண்டும் என்று அந்தக் கடற்படையில் அதிகம் வாதாடியவரே இந்த டிரையன்தான் என்பது. கொள்கை அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவனுக்கு "வேண்டாம் சார்" என்று இரண்டாம் தடவை சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 5

அது பாய்மரத்தை விட்டு அப்போதுதான் வந்திருந்த காலம், இன்றைக்கு ரேடாரெல்லாம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2017 ஜூன் 17, ஜப்பான் கரைக்கு அருகே. அமெரிக்காவின் பிட்ஸ்ஜெரால்ட் நாசகாரிக் கப்பல், ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு கன்டெய்னர் கப்பலில் மோதியது. தூங்கிக்கொண்டிருந்த 7 மாலுமிகள் தண்ணீர் புகுந்த அறையில் இறந்தார்கள். சுற்றிலும் நெருக்கத்தில் கப்பல்கள், கேப்டனை எழுப்பவேண்டும் என்று நிலையான உத்தரவு இருந்தது, எழுப்பவில்லை. பிரிட்ஜில் இருந்தவர்களும் கீழே போர்த் தகவல் அறையில் ரேடார் பார்த்தவர்களும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இதெல்லாம் அவர்கள் கடற்படையே வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. தூக்கமின்மை, ஆள் பற்றாக்குறை, அரைகுறைப் பயிற்சி எல்லாம் கூடவே இருந்தன. இரண்டு மாதம் கழித்து சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பல் மோதி இன்னும் 10 பேர் இறந்தார்கள்.

சொல்லித்தர முடியாது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கக் கடற்படை 2003ல் செலவைக் குறைக்க, கப்பலுக்குப் போகும் புது அதிகாரிகளுக்கு இருந்த மாதக்கணக்கான வகுப்பை நிறுத்திவிட்டு, கையில் சிடிக்களைக் கொடுத்துக் கப்பலிலேயே படித்துக்கொள் என்று அனுப்பியது. விபத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், நடுவில் வகுப்புகளை மறுபடி கொண்டுவரவும் செய்தார்கள். ஆனால் இந்த வேலை தானாக வந்துவிடும் என்று நினைத்தவர்கள் கடைசியில் பயிற்சியைக் கூட்டவேண்டித்தான் வந்தது.

ஜூலை 6

அனபொலிஸில், அதாவது 1845ல் தொடங்கிய அமெரிக்கக் கடற்படை அகாடமியில், முதலாமாண்டு மாணவன் சீனியருக்குப் பதில் சொல்ல ஐந்தே ஐந்து வாக்கியம்தான். ஆம் சார். இல்லை சார். அப்படியே செய்கிறேன் சார். சாக்கு எதுவும் இல்லை சார். கண்டுபிடித்துச் சொல்கிறேன் சார்.

ஐந்தாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தெரியாததைத் தெரிந்தமாதிரி பேசுகிற இளம் அதிகாரியைப்போல ஆபத்து கப்பலில் வேறு இல்லை. பத்தொன்பது வயதில் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூசாமல் சொல்லப் பழகிவிட்டால், பின்னால் என்ஜின் அறையில் எண்ணெய்க் கறையோடு நிற்கிற சீஃபிடம் (மூத்த மாலுமி) போய் "இது எப்படி வேலை செய்யுது, காட்டுங்க" என்று கேட்கவும் கூசமாட்டான்.

நாலாவது பற்றித்தான் எனக்குச் சந்தேகம். சாக்கு இல்லை என்று சொல்லப் பழகுவது பொறுப்பேற்கப் பழகுவது, நல்லதுதான். ஆனால் பம்ப் ஏன் நின்றது என்று கேட்டால் "சாக்கு இல்லை சார்" என்பது பதிலாகாது. காரணம் வேண்டும், காரணம் தெரியாவிட்டால் அது நாளைக்கும் நிற்கும்.

ஜூலை 6, இரவு

மேலே எழுதியதை மறுபடி யோசித்தேன். நாலாவதும் முதல் வருஷத்துக்குத் தேவைதான். காரணம் சொல்வதும் சாக்குச் சொல்வதும் வேறு என்று பிரித்துப் பார்க்க, முதலில் சாக்குச் சொல்கிற பழக்கம் அடங்கவேண்டும். அடங்கியதற்கப்புறம் காரணம் சொல்ல இடம் கொடுக்கவேண்டும். முதல் பாதியோடு நிறுத்திவிடும் அகாடமி பாதி அதிகாரியைத்தான் அனுப்பும்.

ஜூலை 7

அதே அனபொலிஸில் 1992 டிசம்பரில் மின்பொறியியல் தேர்வுத் தாள் முன்கூட்டியே வெளியாகி, கடைசியில் 1994ல் 24 பேரை வெளியேற்றினார்கள். பொய் சொல்லமாட்டோம், ஏமாற்றமாட்டோம் என்ற கௌரவ நெறி உள்ள இடம் அது. காப்பியடித்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, விசாரணையில் நண்பனைக் காப்பாற்றப் பலர் பொய் சொன்னது. நண்பனைக் கைவிடக்கூடாது என்பதும் அங்கேதானே சொல்லித்தந்தது? இரண்டும் மோதும்போது எது முதலில் என்று சொல்லித்தரவில்லை, அல்லது காதில் ஏறவில்லை. அதற்கப்புறம் நெறிமுறைப் பாடத்தைப் பலப்படுத்தினார்கள். 1998ல் அதற்கென்றே ஒரு மையம் வந்தது, பின்னாளில் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் பெயரை அதற்கு வைத்தார்கள்.

ஸ்டாக்டேல் யார் என்று தெரியாதவர்களுக்கு: விமானி. 1965 செப்டம்பரில் வடக்கு வியட்நாமில் சுடப்பட்டு விழுந்து, ஹனோய் சிறையில் ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தவர். அங்கே இருந்த கடற்படைக் கைதிகளில் மூத்தவர். கைதிகள் சுவரைத் தட்டித்தட்டி எழுத்தெழுத்தாகப் பேசிக்கொள்வார்கள். சித்திரவதையில் எல்லாருமே ஒரு கட்டத்தில் உடைவார்கள் என்று அவருக்குத் தெரிந்தது, அவரும் உடைந்திருக்கிறார். அதனால் வாயே திறக்கக்கூடாது என்று நடக்காத உத்தரவு போடவில்லை. பொது இடத்தில் தலைவணங்காதே, ரேடியோவில் பேசாதே, குற்றம் செய்ததாக ஒத்துக்கொள்ளாதே, தன்னைவிட ஒற்றுமை பெரிது, இப்படி ஒருவனால் கடைப்பிடிக்க முடிகிற அளவில் விதி வகுத்தார். உடைந்துபோனவன் அறைக்குத் திரும்பியதும் எதைச் சொன்னேன் என்று பக்கத்து அறைக்குத் தட்டிச் சொல்லிவிடுவான், அவனை யாரும் இகழமாட்டார்கள்.

கேடட்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. முடியாத விதியைப் போட்டால் ஆட்கள் பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள். விதி மீறினவன் வந்து சொல்ல வழி வைத்தால், உண்மை உங்களிடம் வந்துகொண்டே இருக்கும்.

ஜூலை 9

நம் ஊர்க் கதை ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறது. 1946 பிப்ரவரி 18, பம்பாயில் கடற்படையின் தல்வார் சிக்னல் பயிற்சிப் பள்ளி. மாலுமிகள் சாப்பாட்டைத் தொடமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். சாப்பாடு மோசம் என்று முன்பிருந்தே புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு நிறத்தை வைத்து வசவு, வெள்ளை மாலுமிக்கு ஒரு நியாயம் இவர்களுக்கு ஒரு நியாயம், வெளியே விடுதலை வேகம். சில நாளில் போராட்டம் பரவியது: 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், ஏறக்குறைய 20,000 மாலுமிகள். சென்னையிலும் எதிரொலித்தது.

அரசியல் காரணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதுதான் பெரிது. ஆனால் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்காத அதிகாரிகளிடமிருந்துதான் அது கிளம்பியது. இன்றைக்குக் கப்பலில் டியூட்டி அதிகாரி மாலுமிகளின் சாப்பாட்டை ருசி பார்க்கவேண்டும். சிலர் நின்றபடியே ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். எங்களிடம் ஒருவர் இருந்தார், தட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து, பருப்பை ஊற்றிப் பிசைந்து முழுசாகச் சாப்பிடுவார். சாப்பிடும்போது பேச்சு வரும். எவனுக்கு வீட்டில் என்ன கஷ்டம், எந்த மெஷின் சத்தம் மாறியிருக்கிறது எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும்.

ஒவ்வொரு இளம் அதிகாரிக்கும் ஒரு டிவிஷன், அதாவது ஒரு மாலுமிக் குழு, கொடுப்பார்கள், அதிலுள்ள அத்தனை மாலுமிகளின் லீவு, பதவி உயர்வு, குடும்ப விவகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. என் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் லீவு கேட்டு நின்றபோது, கப்பல் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது, கிடைக்காது என்றே நினைத்தேன். என் டிவிஷன் அதிகாரிக்கு இருபத்திமூன்று, இருபத்திநாலு வயதிருக்கும். எக்ஸ்.ஓ. (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) அறைக்கு என்னோடு வந்து, என் வாட்ச்சை யார் யார் பார்ப்பார்கள் என்று எழுதியே கொண்டுவந்து நீட்டினார். லீவு கிடைத்தது. அதற்கப்புறம் அவருக்காக என்ன வேலை என்றாலும் செய்திருப்பேன்.

ஜூலை 11

கேப்டன் முல்லாவை எப்படி விட்டீர்கள் என்று கோபமாகவே கேட்டிருக்கிறார் ஒருவர். விடவில்லை. 1971 டிசம்பர் 9, டையூ கடலில் ஐ.என்.எஸ். குக்ரி பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் மூழ்கியது. இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, ஆட்களை வெளியேற்றுவதிலேயே இருந்து கப்பலோடு போனார். மகாவீர் சக்ரம்.

பேச்சுப் போட்டிகளில் இதைக் கப்பலோடு சேர்ந்து சாவதுதான் கௌரவம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேப்டன் பிழைத்து வந்தால் அவமானம் இல்லை, நாட்டுக்கு அவர் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது அந்த லைஃப் ஜாக்கெட்டை. அந்த நிமிஷத்தில் யோசித்து முடிவெடுக்க நேரம் இருந்திருக்காது. அதற்கு முன்னால் பல வருஷம் தன் ஆட்களை முதலில் வைத்துப் பழகிய கைதான் அப்படி நீளும்.

ஜூலை 12

கொஞ்சம் வேறு பக்கம். எழிமலை எங்கே என்று ஒருவர் கேட்டார். கேரளம், கண்ணூர் மாவட்டம், பையனூர் பக்கம். சங்கப் பாட்டில் வருகிற நன்னனின் ஏழில்குன்றம் இதுதான் என்பார்கள். 1987ல் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டினார், 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். நாலு வருஷ பி.டெக். பாஸிங் அவுட் பரேடு முடிந்ததும் அப்பா அம்மா வந்து தோளில் பட்டையைப் பொருத்துவார்கள்.

அதற்கப்புறம் கொச்சியில் பயிற்சிக் கப்பல்கள். நிஜமான படிப்பு அங்கேதான் ஆரம்பம் என்பேன். தரங்கிணி மாதிரிப் பாய்மரக் கப்பலில் ஏற்றிவிட்டால், கயிறு இழுக்கும்போது யார் எந்த ஊர், யாருக்கு என்ன மார்க் என்பதெல்லாம் நிற்காது. ஒருவன் இழுக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவன் உள்ளங்கை கிழியும்.

ஜூலை 14

பாய்மரம் என்றதும் தாரிணி பற்றிக் கேட்கிறார்கள். கடற்படையின் 56 அடிப் பாய்மரப் படகு. 2024 அக்டோபர் 2ல் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார்கள் தில்னாவும் ரூபா அழகிரிசாமியும், இருவரும் லெப்டினன்ட் கமாண்டர்கள். ரூபா புதுச்சேரிக்காரர். இரண்டே பேர். ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பார்க்கவேண்டும், தேவைப்பட்டால் தட்டி எழுப்பவேண்டும். அங்கே உன் பதவியா என் பதவியா என்று பார்த்தால் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைத் தாண்ட முடியாது. அகாடமிக்குப் போகிற பிள்ளைகள் இவர்கள் பேட்டிகளைத் தேடிக் கேட்கட்டும்.

ஜூலை 15

ரகடா பற்றிக் கேட்டவருக்கு. சீனியர்கள் ஜூனியர்களை உருளவைப்பது, ராத்திரி எழுப்பி ஓடவிடுவது. உடம்பு கெட்டிப்படும், கூட இருப்பவனோடு ஒட்டுதல் வரும் என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அவமானப்படுத்துவதும் கூடச் சேர்ந்தால், அந்தப் பையன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: மேலே இருப்பவன் கண்ணில் படாமல் இரு, தப்பை மறை. பின்னால் இதே பையன்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேப்டனை எழுப்பத் தயங்குகிறான். கடினமான பயிற்சி வேண்டும், ஓடவிடுங்கள், மலையேற்றுங்கள். கேவலப்படுத்தாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

ஜூலை 15, சற்று கழித்து

"அப்படியானால் போரில் ஒவ்வொரு உத்தரவுக்கும் விவாதமா?" இல்லை. நெருப்புப் பிடித்தால் சொன்னதைச் செய், கேள்வி அப்புறம். ஆனால் அந்த நிமிஷத்தில் ஆட்கள் கேள்வி கேட்காமல் ஓடுவதற்குக் காரணமே, மற்ற நாட்களில் கேட்டபோது மேலதிகாரி காதுகொடுத்தார் என்பதுதான்.

ஜூலை 18

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, மருமகனுக்குக் கோயம்புத்தூரில் எஸ்.எஸ்.பி., அதாவது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத் தேர்வுக்கு, அழைப்பு வந்திருக்கிறது, என்ன சொல்லி அனுப்பட்டும் என்கிறார். முதலில் வாழ்த்து.

ஐந்து நாள். முதல் நாளிலேயே ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதில் போனாலும் மனசொடியாமல் அடுத்த முறை வரலாம். மைதானத்தில் பலகை, கட்டை, கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் எல்லாரும் தாண்டச் சொல்வார்கள். பயிற்சி வகுப்புகளில் இதற்குச் சொல்லித்தருவது, முதல் ஆளாகப் பேசு, குரலை உயர்த்து. எல்லாரும் அதே வகுப்பிலிருந்து வருவதால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். உங்கள் பையன் யோசனை இருந்தால் தெளிவாகச் சொல்லட்டும், இல்லாவிட்டால் பலகையின் மறுமுனையைப் பிடிக்கட்டும். ஓரத்தில் நிற்கிற பையன் பலகை எட்டாது என்று முனகினால் நின்று அளந்து பார்க்கட்டும், பெரும்பாலும் எட்டாது.

பேட்டியில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். படிவத்தில் எழுதின பொழுதுபோக்கு உண்மையாக இருக்கவேண்டும், நீச்சல் என்று எழுதினால் நீச்சலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அசல் சான்றிதழ்கள் அத்தனையும், போட்டோக்கள், வெள்ளை டி-ஷர்ட், ஷார்ட்ஸ், கான்வாஸ் ஷூ. ஷூ புதுசாக வேண்டாம், காலைக் கடிக்கும்.